மாத்திரை வீட்டுக்குப் போன பிறகு

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் புழங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தரும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் பொருத்தும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். முன்னதற்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, பின்னதற்கு ஆரஞ்சு. காலையில் 20 யூனிட் என்று சீட்டில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பிய கார்ட்ரிட்ஜ் வீட்டில் இருக்கிறது. பேனா பழுதாகிவிட்டது. அம்மா கையில் இருந்த பழைய சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, கார்ட்ரிட்ஜிலிருந்து 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். உடம்புக்குள் போனது 50 யூனிட். இதுவே தலைகீழாக நடந்து, அரசுக் குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் போவது 8 யூனிட்தான். முதல் வீட்டில் பகல் சமையல் முடிவதற்குள் அம்மா வியர்த்துக் கொட்டி மயங்கி விழுவார். இரண்டாவது வீட்டில் சர்க்கரை மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் அளவைக் கூட்டி எழுதுவார். இரண்டு இடத்திலும் நோயைக் கண்டறிந்தது சரி, மருந்து சரி, சீட்டும் சரி.

இந்தத் தவறை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்காது. "நாளைக்கு வரும்போது ஊசியும் மருந்தும் எடுத்துட்டு வாங்கம்மா, எப்படிப் போட்டுக்கிறீங்கன்னு என் முன்னாடி ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்கிற செவிலியர்தான் கண்டுபிடிப்பார். கேட்பதற்கு அவருக்கு மருந்தியல் தெரிந்திருக்க வேண்டும்: 40க்கும் 100க்கும் உள்ள கணக்கு. நோயாளியைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்: அந்த அம்மாவுக்குச் சிரிஞ்சின் சின்னக் கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா? வீட்டையும் தெரிந்திருக்க வேண்டும்: மருந்து வாங்குவது யார், குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா, ஒரே ஊசியை எத்தனை நாள் வைத்துப் போடுகிறார்கள்? பாடத்திட்டத்தில் இவை மூன்றும் மூன்று தாள்கள். மருந்தியல் ஒரு பருவத்தில் முடிந்துவிடும். சமூகநலச் செவிலியம் இன்னொரு பருவத்தில் வரும். ஆனால் அந்த ஒற்றைக் கேள்வியில் மூன்றும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. செவிலியத்தில் உயர்நிலை அறிவு என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்பதும், நம்முடைய படிப்பும் சட்டமும் ஆள் எண்ணிக்கையும் அதைத் துண்டு துண்டாக வெட்டி வீணாக்குகின்றன என்பதும் என் முடிவு. அந்த முடிவுக்கு வரக் காரணமானவற்றை வார்டிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

மருந்து கொடுப்பது பற்றிச் செவிலிய மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ஐந்து சரிகள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்தப் பட்டியல் அவசியமானது. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்தைத்தான் அது சொல்கிறது, வழியைச் சொல்வதில்லை. வழியில் நடப்பதைத் தெரிந்துகொள்ள சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் ஜோஹனா வெஸ்ட்புரூக் குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். 98 செவிலியர்கள் 4,271 முறை மருந்து கொடுப்பதை அவர்கள் பக்கத்தில் நின்று பதிவு செய்தார்கள். மருந்து கொடுக்கும்போது ஒவ்வொரு முறை குறுக்கீடு வரும்போதும் தவறுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 12% கூடியது. நம் ஊர் வார்டில் மாலை ஆறு மணி மருந்துச் சுற்றை நினைத்துப் பாருங்கள். ட்ரே கையில் இருக்கும்போதே "சிஸ்டர், ட்ரிப் நின்னுபோச்சு", "சிஸ்டர், டிஸ்சார்ஜ் சீட்டு", "சிஸ்டர், டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றார்". ஒவ்வொரு அழைப்பும் நியாயமானதுதான். கையில் எடுத்த ஆம்பூல் பொட்டாசியம் குளோரைடாக இருந்தால், பத்து மில்லிக்குள் 20 மில்லி ஈக்விவலன்ட் அடர்ந்திருக்கிறது. நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதைத் தெரிந்தவருக்கும் கவனம் சிதற ஒரு நொடி போதும்.

பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா ஐக்கன் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7% கூடுகிறது. 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளை வைத்து அவரே மற்றவர்களோடு சேர்ந்து செய்த ஆய்வில் எண்ணிக்கையோடு படிப்பும் சேர்ந்தது: பட்டம் பெற்ற செவிலியர் விகிதம் 10% கூடினால் இறப்பு வாய்ப்பு 7% குறைகிறது. எண்ணிக்கையா, படிப்பா என்று நிர்வாகக் கூட்டங்களில் இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கம். இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஆள் குறைவான வார்டில் அறிவு செயல்பட நேரமில்லாமல் போகிறது. அறிவு குறைவான வார்டில் இருக்கிற நேரமும் பயனற்றுப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் தீங்கில்லா மருந்து என்ற முழக்கத்தோடு, கடுமையான, தவிர்க்கக்கூடிய மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அப்போதும் அது சுட்டிக்காட்டிய மூன்று இடங்களில் வார்டு மட்டும் இல்லை: ஆபத்து மிகுந்த சூழல்கள், பல மருந்துகளை ஒன்றாக எடுப்பது, ஒரு பராமரிப்பிடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தருணம். மூன்றாவதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் தவறிப்போகிறார்கள்.

மருந்தும் பராமரிப்பும் சமூகமும் ஒரே இடத்தில் வந்து முட்டுவதற்குப் பேறுகால வலிப்பைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வராமல் தடுக்கும் மருந்து மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடந்து 2002இல் முடிவு வெளியான மேக்பை ஆய்வில் இந்த மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே, அதாவது 58% குறைத்தது. விலையும் குறைவு. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால், மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன் இடுப்பின் இரு பக்கமும் பக்கத்துக்கு 5 கிராம் வீதம் தசையில் போட்டு அனுப்ப வேண்டும் என்பது நெறிமுறை. ஒரு ஆம்பூலில் 2 மில்லி, அதில் 1 கிராம். ஆகப் பத்து ஆம்பூல். ராத்திரி டூட்டியில் தனியாக இருக்கும் செவிலியர், துடிக்கும் பெண்ணைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, மூச்சுப்பாதையைப் பார்த்துக்கொண்டு, பத்து ஆம்பூலை உடைத்து இழுக்க வேண்டும்.

அடுத்த வேளை மருந்தில்தான் செவிலியரின் மருந்தறிவு முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. மெக்னீசியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீர் குறைந்தால் மருந்து உடம்பிலேயே தேங்கும். தேங்கினால் முதலில் முழங்கால் அனிச்சை மறையும், பிறகு மூச்சு குறையும், கடைசியில் இதயம் நிற்கும். எனவே நான்கு மணி நேரத்துக்கொரு முறை அடுத்த ஊசி போடும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா. ஒன்று தவறினாலும் ஊசியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் மருத்துவர் எழுதிவிட்டுப் போன வரியில் நேரமும் அளவும் மட்டும்தான் இருக்கும். அந்த ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்மானிக்கிறவர் செவிலியர்.

அதோடு முடியவில்லை. 108 வண்டியில் ஏற்றி அனுப்பும்போது என்ன மருந்து, எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதாமல் விட்டால், அடுத்த மருத்துவமனையில் அதே மருந்தை முதலிலிருந்து போட்டுவிடக்கூடும். இன்னும் பின்னால் போனால், அந்தப் பெண்ணுக்கு மூன்று நாளாகத் தலைவலியும் கண் மங்கலும் இருந்திருக்கும். வீட்டில் வெயில் என்றிருப்பார்கள். மாமியார் தைலம் தேய்த்துவிட்டிருப்பார். கால் வீக்கம் கர்ப்பிணிக்குச் சகஜம் என்று விட்டிருப்பார்கள். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியிடம் மட்டும் அபாய அறிகுறிகளைச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. வண்டிக்குப் போன் செய்யும் முடிவை அந்த வீட்டில் எடுப்பவர் யாரோ, அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். இதையும் மருந்தறிவின் பகுதியாகவே கொள்கிறேன். நேரத்துக்குப் போய்ச் சேராத மெக்னீசியம் அலமாரியில் இருக்கும் உப்புதான்.

இப்போது நாள்பட்ட நோய்களுக்கு வருவோம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டதிலிருந்து அரசு மருத்துவமனைகளில் மருந்து கிடைக்கும் நிலை வெகுவாக மாறியது. ஒட்டுமொத்தக் கொள்முதல், தரப் பரிசோதனை, மாவட்டக் கிடங்கு என்று அது அமைத்த முறையைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போயின. அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் டெண்டர் மாறும்போது கம்பெனி மாறும், கம்பெனி மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறலாம். எழுத்துக் கூட்டிப் படிக்காத ஒரு பெரியவர் தன் ஐந்து மாத்திரைகளையும் "மஞ்ச மாத்திரை, குட்டி வெள்ளை, நீட்டு மாத்திரை" என்றுதான் அறிந்திருக்கிறார். இந்த மாதம் மஞ்சள் வெள்ளையாகிவிட்டால் அவர் குட்டி வெள்ளையை இரண்டாக விழுங்கலாம், அல்லது தவறான மருந்து தந்துவிட்டார்கள் என்று தூக்கிப் போடலாம். மாரடைப்பு வந்து மீண்ட நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் ஆரன் கெஸ்ஸல்ஹைம் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34%, வடிவம் மாறியபோது 66% கூடியிருந்தது. எழுத்தறிவு மிகுந்த நாட்டிலேயே இந்த நிலை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் "இந்தத் தடவை பி.பி. மாத்திரை வெள்ளையா இருக்கும் ஐயா, அதேதான்" என்று சொல்ல பத்து வினாடி போதும். அதைச் சொல்வது யார் வேலை என்று எந்தக் கையேட்டிலும் எழுதியில்லாததால் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

சமையலறைக்கும் மருந்துக்கும் உள்ள உறவு தனிப் பாடமாகவே வைக்கத் தக்கது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் எடுக்கிறார்கள். ரத்தம் உறையாமல் காக்கும் இந்த மருந்துக்கு எதிர்வேலை செய்வது வைட்டமின் கே, அது கீரைகளில் நிறைய உண்டு. எனவே பல இடங்களில் "கீரையே தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கிராமத்து ஏழைப் பெண்ணுக்கு முருங்கைக் கீரை கொல்லையில் காசில்லாமல் கிடைக்கும் சத்து. அதை நிறுத்தினால் ரத்தசோகை. நிறுத்தாமல், சொன்னதற்குப் பயந்து ஒரு வாரம் விட்டு, மறு வாரம் ஆசைக்கு மூன்று நாள் தொடர்ந்து தின்றால் ரத்தத்தின் உறைதன்மை மேலும் கீழும் ஆடும். சரியான அறிவுரை வேறு: கீரை சாப்பிடலாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில். மருந்தின் அளவை அதற்கேற்பப் பரிசோதனை பார்த்து வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல மருந்து வேலை செய்யும் விதமும் தெரிய வேண்டும், கொல்லையில் என்ன மரம் நிற்கிறது என்றும் தெரிய வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் சும்மா வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாத்திரை கீரையைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து, வயிற்றில் ரத்தம் கசியும் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் இப்படித்தான். அதையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றதை உறிஞ்சவிடாது. டீயோடு எடுத்தாலும் பாதி வீண். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணியாவது முன்னால். காலை எழுந்ததும் காபி குடிக்காமல் கண் திறக்காத வீடுகளில் இந்த அரை மணி ஒரு பேரம்தான். படுக்கைப் பக்கத்தில் தண்ணீரும் மாத்திரையும் வைத்துக்கொண்டு விடியற்காலை எழும்போது விழுங்கச் சொல்வது போன்ற ஏற்பாட்டை நோயாளியோடு சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். ரமலான் நோன்பும் சஷ்டி விரதமும் அப்படியே. சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர் நோன்பு இருக்கப் போகிறாரா என்று நோன்புக்கு முந்தைய மாதமே கேட்டு, மருத்துவரிடம் சொல்லி நேரத்தையும் அளவையும் மாற்றி வாங்க வேண்டும். "இருக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் நோயாளி நோன்பும் இருப்பார், செவிலியரிடம் சொல்லவும் மாட்டார்.

கேஸ் ஷீட்டில் அடிக்கடி காணும் வாக்கியம் ஒன்று உண்டு: நோயாளி மருந்தைச் சரியாக எடுக்கவில்லை. அதை எழுதியதும் விசாரணை முடிந்துவிடுகிறது. ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு அந்த ஷீட்டில் கட்டம் கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் ஒரு பெண் தையல் ஆலையிலோ, கட்டட வேலையிலோ, சந்தையிலோ நாள் முழுக்க நிற்கிறார். கழிப்பறை இல்லை, இருந்தாலும் போக விடுவதில்லை. அவர் வேலை நாளில் மாத்திரையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறார். அவர் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. தன் சூழலுக்கு ஏற்ற முடிவைத்தான் எடுத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட செவிலியர் மருத்துவரிடம் பேசி வேறு வகை மாத்திரைக்கு மாற்றச் சொல்லலாம். நீர் பிரியும் மாத்திரைதான் வேண்டுமென்றால் வேலை முடிந்து வந்து எடுக்கலாமா என்று கேட்கலாம். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர் 1971இல் சொன்னது இன்றும் பொருந்துகிறது: நல்ல மருத்துவம் எங்கே மிகத் தேவையோ அங்கேதான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008இல் அறிக்கை தந்த பிறகு, நோயின் சமூகக் காரணிகள் என்பது உலகமெங்கும் பாடத்திட்டங்களில் நுழைந்தது. நம் பாடநூல்களிலும் வறுமை, கல்வி, குடியிருப்பு, பால் வேறுபாடு என்று அது தலைப்புகளாக இருக்கிறது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கலாம். நீர் மாத்திரைக்கும் கழிப்பறைக்கும் உள்ள தொடர்பை அந்தத் தலைப்புகள் காட்டித் தருவதில்லை.

காட்டித் தந்த இடம் ஒன்று உண்டு என்றால் அது காசநோய். ஜார்க்கண்டில் அனுராக் பார்கவ, மாதவி பார்கவ தம்பதியினர் நடத்தி 2023இல் முடிவு வெளியிட்ட ஆய்வில் 2,800 காசநோயாளிகளும் அவர்கள் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரும் இருந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை தரப்பட்டன. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5% ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61% குறைவாக இருந்தது. சோறும் பருப்பும் தடுப்பூசி செய்யும் வேலையைச் செய்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதே உண்மையை வேறு வழியில் கையில் எடுத்தது. நோய் உறுதியான அன்றே எல்லோரையும் ஒன்றுபோல மாத்திரை கொடுத்து அனுப்பாமல், முதலில் சில எளிய அளவுகளைப் பார்க்க வேண்டும். உயரத்துக்கும் எடைக்குமான குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழா. 16க்குள் இருந்து இரு கால்களும் வீங்கியிருக்கின்றனவா. மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலா, ஆக்சிஜன் 94க்குக் கீழா. எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? ஒன்றில் சிக்கினாலும் விரிவாகப் பரிசோதித்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எடை இயந்திரம், உயரம் அளக்கும் பட்டை, விரலில் மாட்டும் கருவி, நோயாளியைப் பார்த்து "எழுந்து நில்லுங்க" என்று சொல்லும் வாய் ஆகியவை போதும். 150 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்குக் குறியீட்டெண் 14 என்றால் எடை 31.5 கிலோ. அந்த உடம்போடு வருகிறவரை மாத்திரைப் பையோடு பஸ் ஏற்றிவிட்டதால்தான் சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே மரணங்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது, செவிலியரும் களப்பணியாளரும் பார்த்துச் சொல்வதை ஒரு முடிவாக மதித்து, அதன்பேரில் படுக்கை ஒதுக்கும்படி அமைத்ததுதான்.

காசநோய் மாத்திரையோடும் வீடு வந்து ஒட்டிக்கொள்கிறது. நான்கு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை எடைக்குத் தக்கபடி தரப்படுகிறது: 25 முதல் 34 கிலோவுக்கு நாளுக்கு இரண்டு, 35 முதல் 49 வரை மூன்று. 33 கிலோவில் தொடங்கியவர் நன்றாகத் தேறி 39 ஆகும்போது அளவும் கூட வேண்டும். மாதா மாதம் எடை பார்க்காவிட்டால் தேறியதே குறையாகிவிடும். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். முதல் நாளே சொல்லாவிட்டால் "ரத்தமா போகுது சிஸ்டர், அதான் நிறுத்திட்டேன்" என்று மூன்று வாரம் கழித்து வருவார். அதே மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இதை மாமியாரும் கணவரும் நிற்கும் அறையில் சொல்ல முடியாது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஓர் இடம் வேண்டும். கண் மஞ்சளாகி வாந்தி வந்தால் அது மாத்திரையால் ஈரல் பாதிப்பதாக இருக்கலாம், உடனே வரவேண்டும். வீட்டிலோ அதைக் காமாலை என்று சொல்லி, மாத்திரையையும் விடாமல், கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்து இரண்டு வாரம் காத்திருப்பார்கள். கீழாநெல்லியைக் கேலி செய்யும் செவிலியரிடம் அந்தக் குடும்பம் அடுத்த முறை எதையும் சொல்லாது. "அரைச்சுக் கொடுத்தீங்களா, சரி, ஆனா கண்ணு மஞ்சளானா அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டு இங்க வந்துடணும்" என்பவரிடம் சொல்லும்.

2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய காசநோயாளிகளின் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயானது. நல்ல மாற்றம். ஆனால் பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கு கணவர் பெயரில் இருக்கலாம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் நோயாளியாக இருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற செவிலியருக்கு மட்டும்தான் அந்த ஆயிரம் ரூபாய் எந்தத் தட்டில் விழுந்தது என்று தெரியும்.

வலி தணிக்கும் பராமரிப்பில் இந்தக் கலப்பு அறிவு நன்கு வளர்ந்திருப்பது கேரளத்தில். 1993இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய முயற்சி, ஊர்மக்களின் வலைப்பின்னலாக விரிந்து, செவிலியர் வீடு வீடாகப் போகும் முறையாயிற்று. புற்றுநோய் முற்றியவருக்கு வாய்வழி மார்ஃபின் நான்கு மணிக்கொரு முறை. இரவில் தூக்கம் கெடாதிருக்கப் படுக்கும்போது இரு வேளைக்கானது ஒன்றாக. மலச்சிக்கல் வரும் முன்பே மலமிளக்கி. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நாட்டின் பெரும்பகுதியில் மார்ஃபின் கிடைக்காமலே இருந்தது. 2014 திருத்தம் வழியைத் திறந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வலி தணிப்புச் செவிலியர் வீட்டுக்குப் போகிறார். இயன்முறை மருத்துவர் போகிறார், பெண் சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. இதன் பலம் தெளிவாகவே தெரிகிறது. பலவீனம் என்று நான் கருதுவது, மாத்திரை வீட்டு வாசலில் வந்துவிடுவதால் செவிலியர் முகத்தையே பார்க்காமல் மாதங்கள் கழிவதற்கு வாய்ப்பிருப்பது. தன்னார்வலரிடம் தலைசுற்றல் என்று ஒரு பாட்டி சொன்னால், அது அளவு கூடிய பி.பி. மாத்திரையா, சர்க்கரை தாழ்ந்ததா, சாப்பிடாததா என்று பிரித்தறிய மருந்தறிந்த ஒருவர் வர வேண்டும்.

இவ்வளவு முடிவுகளை எடுக்கிறவருக்குச் சட்டம் தரும் இடம் என்ன? அமெரிக்காவில் 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து, நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் செவிலியர் என்ற தனிப்பிரிவு வளர்ந்தது. பிரிட்டனில் உரிய பயிற்சி பெற்ற செவிலியர் 2006லிருந்து ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாமே எழுதித் தரலாம். இங்கே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இலும், வேலூரில் ஐடா ஸ்கடர் முயற்சியால் 1909இலும் பயிற்சி தொடங்கியது. பட்டப்படிப்பு 1946இலேயே வேலூரிலும் டெல்லியிலும் வந்துவிட்டது. தீவிர சிகிச்சைக்கென முதுநிலை உறைவிடப் படிப்பையும் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசியச் செவிலிய, பேறுகாலப் பணி ஆணையச் சட்டமும் நிறைவேறியது. ஆனாலும் நடைமுறையில் செவிலியர் நெறிமுறைக்குள் மருந்து கொடுப்பவர்தான். பார்த்து அறிந்ததை வைத்து அளவை மாற்ற மருத்துவரைத் தேட வேண்டும். நாளையே எல்லாச் செவிலியருக்கும் மருந்து எழுதும் உரிமை தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றில் எழுதி வைத்த படிநிலைகளுக்குள், பயிற்சி பெற்றவர் அளவைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இன்று அப்படிச் செய்கிற துணிச்சலான செவிலியர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஏதாவது நேர்ந்தால் அவர்கள் தனியே நிற்க வேண்டியிருக்கும்.

செவிலியரின் வாழ்நிலையும் ஒரு சமூகக் காரணிதான் என்பது இந்த விவாதங்களில் அநேகமாக வருவதேயில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டு பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். கொரோனாக் காலத்தில் எடுத்தவர்களின் ஒப்பந்தம் 2022 முடிவில் நீட்டிக்கப்படாமல் போனபோது மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். எந்தத் தெருவில் யார் மாத்திரையை ஏன் விடுகிறார் என்ற அறிவு ஓராண்டில் சேர்வதில்லை. அது ஊரோடு பழகிச் சேர்வது. ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இலங்கையில் களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் குடும்பநல உத்தியோகத்தருக்கு என்று ஒரு பகுதி, அங்கேயே தங்கிப் பணி என்ற ஏற்பாடு பல தலைமுறைகளாக நீடித்ததால்தான், அந்நாட்டில் தாய்மரணம் குறைந்த கதையில் அவர்களுக்கு முதன்மை இடம் கிடைத்தது.

முதலில் செய்ய வேண்டியதாக எனக்குப் படுவது பணிப்பதிவேட்டில் ஒரு மாற்றம். ஊசி எத்தனை, கட்டு எத்தனை, பிரசவம் எத்தனை என்று கணக்கெடுக்கிற பதிவேட்டில், டிஸ்சார்ஜ் ஆகிறவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையையும் எடுத்துக் காட்டி, அவரையே திருப்பிச் சொல்ல வைத்த பதினைந்து நிமிடத்துக்கும் ஒரு கட்டம் போட வேண்டும். ஏன் மருந்தை விட்டார் என்பதற்கும் கேஸ் ஷீட்டில் நான்கு வரி இடம் வேண்டும். அந்த நான்கு வரியை வட்டார மருத்துவ அலுவலரின் மாதக் கூட்டத்தில் படித்தால், அந்த வட்டாரத்தில் நீர் மாத்திரையை மாற்ற வேண்டியவர்கள் எத்தனை பேர், எந்த ஆலை வாசலில் கழிப்பறை கேட்டு எழுத வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிடும்.